சீட்டுக் காசில் திருகோணமலை: வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் ஆகஸ்ட் லீவு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கு இது. மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கணவர் புறக்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். மகள் தரம் 10, மகன் தரம் 6. கூடவே ஆசிரியையின் தாயார். பிள்ளைகளுக்கு அம்மம்மா, எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வருத்தக்காரி. ஐந்து பேரும் ஆகஸ்ட் லீவில் திருகோணமலையில் நான்கு இரவு நின்று வந்தார்கள். செலவு 114,000 ரூபாய். இதே ஐந்து பேர் முதலில் போடப்பட்ட திட்டப்படி ஊர் சுற்றியிருந்தால் இதைப்போல இரண்டு மடங்கை நெருங்கியிருக்கும்.

அந்த வித்தியாசம் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்கத்தான் ஆசிரியையின் கணக்குக் கொப்பியை வாங்கிப் புரட்டினேன். பெயர் போட வேண்டாம், விலை போட்டால் பரவாயில்லை என்றார். சாப்பாட்டில் மிச்சம் பிடித்திருப்பார்கள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். கொப்பி வேறு கதை சொன்னது. காசைத் தீர்மானித்தவை மூன்று: எத்தனை ஊர் போவது, வாகனம் எத்தனை நாள் சும்மா நிற்பது, வீட்டில் உள்ளவர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வருவது.

காசு எங்கிருந்து வந்தது

கொழும்பில் சுற்றுலாக் காசு வழக்கமாக மூன்று வழியில் வரும். போனஸ், கிரெடிட் கார்ட், வெளிநாட்டிலிருக்கும் தம்பி. ஆசிரியை நாலாவது வழியைப் பிடித்தார்: சீட்டு. அவருடைய பாடசாலை ஆசிரியர் அறையில் 12 பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 10,000 கட்டுகிறார்கள். மாதாமாதம் ஒருவர் 120,000 எடுப்பார். கழிவு கிடையாது, ஏலம் கிடையாது. குலுக்கலில் வந்த மாதத்தை ஆட்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இவருக்கு விழுந்தது மார்ச். ஜூலை விழுந்த ஒருவருக்கு மகளின் சாமத்தியச் சடங்குக்கு அவசரமாகக் காசு தேவைப்பட, இருவரும் மாற்றிக்கொண்டார்கள்.

சீட்டை நான் கண்மூடிப் பரிந்துரைக்க மாட்டேன். சீட்டுப் பிடித்தவர் காசோடு ஊரை விட்டுப் போன கதை கொழும்பில் தெருவுக்கு ஒன்று இருக்கும். ஆனால் தினமும் முகம் பார்க்கிற, அரசாங்கச் சம்பளம் எடுக்கிற 12 பேருக்குள் நடக்கும் சீட்டு வேறு ரகம். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கையில் வருவது ஒரே தொகை. அதற்கு மேல் இழுக்க முடியாது. கிரெடிட் கார்டில் போகிறவர் திரும்பி வந்த பிறகுதான் எவ்வளவு செலவழித்தார் என்று அறிவார். 120,000 என்ற எண் ஜனவரியிலேயே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேருக்கும் அந்தக் காசுதான் எல்லை.

எந்த மாதம், எந்தக் கரை

இலங்கையில் நமக்குக் கோடை என்று தனியாக ஒரு லீவு இல்லை. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று இடைவெளிகள். கோவிட்டும் 2022 பொருளாதார நெருக்கடியும் பாடசாலைக் கலண்டரை அசைத்துப் போட்ட பிறகு, ஆகஸ்ட் லீவும் முன்புபோல ஒரு முழு மாதமாகக் கிடைப்பதில்லை.

ஏப்ரல் என்றால் கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறும். சீசன், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம். சாதாரண நாளில் கிடைக்கும் அறைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கும். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை கிழக்குக் கரையை அடித்துக்கொண்டிருக்கும். தெற்கில் ஹிக்கடுவை, பெந்தோட்டைப் பக்கம் கடல் நல்லது, ஆனால் அது வெள்ளைக்காரர் வருகிற காலம், விலையும் அவர்களுக்கேற்ற விலை.

மிஞ்சியது ஆகஸ்ட். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அலை கல்லில் மோதும் சத்தம் இரவில் படுக்கைக்குக் கேட்கும். பிள்ளையைத் தண்ணீரில் இறக்க முடியாது. அதே நாட்களில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கடலுக்குப் போகிற கொழும்புக் குடும்பம் இந்த ஒன்றைக் கவனித்தாலே போதும்: காற்று எந்தக் கரையில் அடிக்கிறதோ அதற்கு மறு கரைக்குப் போக வேண்டும்.

ஆகஸ்டிலும் எல்லா இடமும் சரிவராது. கண்டியில் தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலம் ஜூலை, ஆகஸ்டில் வரும். அந்த நாட்களில் அங்கே அறை கேட்பது வீண் வேலை. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் நீண்ட வார இறுதி, நாடே ரோட்டில் நிற்கும். ஆசிரியை போயாவைக் கழித்துவிட்டு, ஞாயிறு இரவு ரயிலேறி வெள்ளிக்கிழமை திரும்புகிற மாதிரி நாள் குறித்தார். கணவருக்கு ஆண்டு லீவில் ஐந்து நாள் போனது. வார நாளில் போவதற்கு அந்த லீவுதான் விலை. அவர் கொஞ்சம் முனகினாராம்.

காசைவிடப் பெரிய தடையாக இருந்தது மகளின் ரியூஷன். லீவு விட்டதும் ரிவிஷன் வகுப்புகள் தொடங்கிவிடும். மாதக் காசு வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான். ஜூனிலேயே ஆசிரியை கணித சேரிடம் நேரே போய்ப் பேசி, தவறும் வகுப்புகளின் பேப்பரை முன்கூட்டியே வாங்கி வைத்தார். மகள் அதை நிலாவெளியில் ஒரு மரத்தடியில் செய்ததற்குப் புகைப்பட ஆதாரம் இருக்கிறது. எத்தனை கணக்குச் செய்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

இலவச வீடு

யாழ்ப்பாணம் ஏன் போகவில்லை என்பது நியாயமான கேள்வி. சுன்னாகத்தில் கணவரின் பெரியம்மா வீடு இருக்கிறது, தங்குமிடச் செலவு இல்லை, நல்லூர்த் திருவிழாக் காலமும் கூட. கணவர் அதைத்தான் விரும்பினார். ஆசிரியை ஒரு தாளில் எழுதிக் காட்டினாராம். நல்லூர் 25 நாள் திருவிழா. அந்தக் காலத்தில் யாழ் ரயிலில் இருக்கை கிடைப்பது குதிரைக் கொம்பு. பெரியம்மா வீட்டில் நின்றால் சின்னம்மா வீட்டுக்குப் போகாமல் வர முடியாது. ஒரு வீட்டுக்குப் போனால் பிஸ்கற் பெட்டி, பழம், சின்னப் பிள்ளை இருந்தால் கையில் காசு. ஏழு வீடு எழுதியிருந்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டு இரவு அறை வாடகை வந்தது. அதைவிட, கொழும்பிலிருந்து வந்த மருமகள் என்று அடுப்படியில் போய் நிற்க வேண்டியவர் அவர்தான். அதற்கு அவர் தாளில் விலை போடவில்லை. கணவருக்கு விளங்கியது.

யாழ்ப்பாணத்துக்குச் சனத்தைப் பார்க்கப் போகலாம், அது வேறு பயணம். இதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

தம்பியும் அவருடைய பட்டியலும்

மே கடைசியில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி. ஆசிரியையின் தம்பி, பிள்ளைகளின் மாமா, தன் 15 வயது மகனோடு ஆகஸ்டில் வருகிறாராம். வட்ஸ்அப்பில் பட்டியலும் வந்தது: சீகிரியா, கண்டி, எல்ல, யால, ஆறு நாள், ஏசி வான், எல்லாச் செலவும் அவருடையது.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் ஆகஸ்ட் லீவு எப்படி நடக்கும் என்பதை இந்தப் பட்டியல்தான் பல இடங்களில் முடிவு செய்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு நாள் குறைவு, ஆசை கூட. இங்கே இருப்பவருக்கு மறுத்துப் பேசக் கூச்சம். எல்லோரும் வானில் ஏறுவார்கள், திரும்பி வந்து ஒரு வாரம் படுத்திருப்பார்கள்.

அக்கா சொன்னது இது: "தம்பி, நீ எல்லாத்தையும் பாத்திட்டுப் போயிடுவாய். அம்மா வானுக்குள்ளேயே இருந்திட்டு வருவா. நீ வாறது அம்மாவைப் பாக்கத்தானே?"

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், "சரி அக்கா, நீங்க சொல்லுங்கோ, ஆனா காசு நான்தான் குடுப்பன்" என்று வந்தது. அதற்கும் அக்கா இணங்கவில்லை. அறையும் பொது வாகனமும் ஏழு தலைக்கு ஏழு பங்கு. அவர்கள் இரண்டு பங்கு, இவர்கள் ஐந்து. சாப்பாடு அவரவர் கணக்கு. வெளிநாட்டுக் கட்டணம் கேட்கும் இடங்களில் அந்த டிக்கெட் அவரவர் பையிலிருந்து. ஒரே ஒரு இரவுச் சாப்பாடு மாமாவின் விருந்து, அதில் யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது.

கேட்க இறுக்கமாகத்தான் இருக்கிறது. என் மாமியார் கேட்டால், தம்பியிடம் கணக்குப் பார்க்கிற அக்காவா என்பார். ஆனால் எல்லாம் அவர் கொடுப்பது என்று ஆகிவிட்டால், எங்கே போவது, எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்ற முடிவும் கொடுப்பவரோடு போய்விடும். ஆசிரியை தன் ஐந்து பங்கைக் கட்டியது அதற்காகத்தான்.

வெளிநாட்டுக் கட்டணம் சின்ன விஷயம் அல்ல. சீகிரியாவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு டிக்கெட் 30 டொலருக்குக் குறையாது. நமக்கு அது ஒரு சோத்துப் பார்சலை விடக் குறைவு. பனிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் முழு டிக்கெட். மாமாவும் மகனும் ஒருநாள் காலை அந்தக் கல்லில் ஏறி இறங்க, இந்தக் குடும்பம் ஏழு பேரும் தங்கிய ஓர் இரவு வாடகையை விடக் கூடப் போயிருக்கும். கவுண்டரில் தமிழிலும் சிங்களத்திலும் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பார்ப்பது கடவுச்சீட்டைத்தான். இரட்டைக் குடியுரிமையும் இலங்கை அடையாள அட்டையும் இருந்தால் உள்ளூர்க் கட்டணம். மாமாவுக்கு அது இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர் வேறு வரிசையில் நிற்பது எனக்கும் உறுத்துகிறது; அதற்காகத் திட்டத்தில் அதை மறைத்து வைக்க முடியாது. சீகிரியா பட்டியலிலிருந்து போனது. எல்ல ரயிலும் போனது; அந்தப் பாதையில் இருக்கை பிடிப்பது தனி யுத்தம்.

வானும் வாரண்டும்

கொழும்பில் குடும்பப் பயணம் என்றாலே கேடிஎச் வான்தான் முதலில் நினைவுக்கு வரும். மூன்று இடத்தில் விலை கேட்டார்கள். கிலோமீற்றருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீற்றர், சாரதிக்கு நாள் படி (பாட்டா), அவருக்குச் சாப்பாடும் படுக்க இடமும். கொழும்பிலிருந்து திருகோணமலை ரோட்டால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். போய்வரவும் உள்ளூர் ஓட்டமும் சாரதி செலவும் சேர்த்து வந்த மிகக் குறைந்த விலை 85,000. அதில் ஐந்து பங்கு 60,000க்கு மேல். சீட்டுக் காசில் பாதி.

அந்த 85,000இல் ஓடுகிற நாள் இரண்டு. மற்ற நாட்களில் வான் முற்றத்தில் நிற்கும், சாரதி மரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். வானைப் பிடித்துவிட்டோமே என்பதற்காக எங்காவது போகவும் தோன்றும். பெரும்பாலான குடும்பங்கள் ஒரே பயணத்தில் நாலு ஊர் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அரசாங்க ஊழியருக்கு வருடத்தில் கிடைக்கும் லீவு ரயில் வாரண்டை, அதாவது இலவச ரயில் பயண அனுமதியை, ஆசிரியை பல வருடமாக எடுத்ததே இல்லை. துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அது செல்லும். பல ஆசிரியர்கள் விண்ணப்பம் எழுதும் பஞ்சியிலேயே இதை விட்டுவிடுகிறார்கள். இவர் அதிபரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு மாதத்துக்கு முன்பே கோட்டை நிலையத்தில் நின்று இருக்கைகளைப் பதிந்தார். அம்மம்மாவுக்கு டிக்கெட் எடுத்தார். மாமா தன் இரண்டு டிக்கெட்டையும் தானே போட்டார்.

இரவு ரயில் என்றால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம். ஆனால் விடியப்புறம் போய் இறங்கினால் அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் என்பார்கள். மூட்டு வலிக்காரியை வைத்துக்கொண்டு நிலையத்தில் எட்டொன்பது மணித்தியாலம் இருக்க முடியாது. வீட்டுக்காரரிடம் போனில் முதலில் பேசியதே இதைத்தான். குளிக்கவும் ஹோலில் பாய் போட்டுப் படுக்கவும் இடம் தருகிறேன், காசு வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் முற்பணம் போட்டார்கள்.

ரயிலில் ஏறும்போது பாண், கட்டைச் சம்பல், அவித்த முட்டை, பிளாஸ்கில் தேத்தண்ணி. மாஹோ தாண்டி, ஹபரணைப் பக்கம் வரும்போது ரயில் ஊர்கிறது. 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில்தான் பயணிகள் ரயில் மோதி 6 யானைகள் செத்தன. ரொறன்ரோப் பையன் யன்னலில் முகத்தை ஒட்டியபடி யானைக்காக விழித்திருந்தான். கல் ஓயாச் சந்தியில் ரயில் பிரிந்தபோது அவன் தூங்கிவிட்டான், மற்றவர்கள் அதற்கு முன்பே தூங்கியிருந்தார்கள்.

அறை

முதலில் கேட்டது நிலாவெளியில் கடற்கரையோரம் ஒரு விடுதி. அறை 11,000, பிளஸ் பிளஸ். இந்த இரண்டு பிளஸ்ஸில்தான் பல குடும்பங்கள் வழுக்குகின்றன. முதல் பிளஸ் சேவைக் கட்டணம் 10 வீதம். இரண்டாவது வரி, 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டும் 18 வீதம். சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்கு மேல் வரி விழும். 11,000 முதலில் 12,100 ஆகும், பிறகு 14,278. ஏழு பேருக்கு இரண்டு அறை, 28,556. காலைச் சாப்பாடு அதில் அடக்கம் என்பது உண்மைதான்.

அரசாங்க சர்க்யூட் பங்களா, வங்கிகளின் ஹொலிடே ஹோம் என்று கொழும்புக்காரருக்குத் தெரிந்த மலிவு வழிகளையும் தட்டிப் பார்த்தார்கள். ஆகஸ்டுக்கு எல்லாம் முன்பே போய்விட்டன. வெளிநாட்டு ஆப்பில் டொலரில் காட்டும் அறைக்கு நேரே போன் பண்ணி உள்ளூர் விலை கேட்டால் பல இடங்களில் இறங்குகிறார்கள். அதையும் செய்தார்கள்.

கடைசியில் கிடைத்தது திருகோணமலை நகரில், உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடி. இரண்டு அறை, ஹோல், சின்னச் சமையலறை, பல்கனி. நாளுக்கு 14,000, எல்லாம் அடங்கலாக. கடல் வாசலில் இல்லை. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் ஓட்டோவில் போக வேண்டும். நகரத்துக்குள் நின்றதில் ஒரு நன்மை, சாப்பாட்டுக் கடைகளும் ஊர்க்காரர் விலையில் இருந்தன.

சமையலறை உள்ள இடம் எடுத்தால் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். யார் சமைப்பது என்று யாரும் சொல்வதில்லை. கொழும்பில் காலை நாலரைக்கு எழும்பி அவிக்கிறவரே அங்கேயும் எழும்பி அவித்தால், அந்த மிச்சம் ஒருவருடைய லீவிலிருந்து வெட்டியது. இந்த வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். காலையில் பாண், பழம், தேத்தண்ணி, அதை ஆண்கள் பார்க்க வேண்டும். மதியம் கடைச் சோறு. இரவு இடியப்பமும் சொதியும், இல்லாவிட்டால் கொத்து, கடையில்தான். அடுப்பு தண்ணி கொதிக்க வைக்க மட்டும்.

அம்மம்மா மூன்றாம் நாள் ஒப்பந்தத்தை மீறினார். சந்தையில் நல்ல மீன் கண்டு, பேரன் ரொறன்ரோவில் இதெல்லாம் எங்கே சாப்பிடப் போகிறான் என்று குழம்பு வைத்துவிட்டார். அதற்கு யாரும் தடை சொல்ல முடியவில்லை.

நின்ற இடத்தில்

முதல் நாள் எங்கும் போகவில்லை. குளித்து, தூங்கி, பின்னேரம் டச்சுக் குடாக் கரையில் கால் நனைத்தார்கள். செலவு ஐஸ்கிரீம்.

இரண்டாம் நாள் கோணேஸ்வரம் கோயில். பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே நுழைந்ததுமே மான்கள். கட்டிப் போட்டவை இல்லை. ரோட்டில் நிற்கும், கச்சான் பையை மோந்துகொண்டு பின்னால் வரும். மகன் ஒன்றின் கொம்பை எட்டித் தொடப் பார்க்க, அது தலையைச் சிலுப்பிவிட்டு அவன் கையிலிருந்த கடுதாசியைத் தின்றது. மகனுக்கு அந்தப் பயணத்தில் அதுதான் பெரிய விஷயம், நுழைவுக் கட்டணம் இல்லாத விஷயம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை அது. சம்பந்தர் பாடிய தலம் என்று அம்மம்மா பேரனுக்குப் பதிகம் சொல்லிக் கொடுக்க, அவன் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குள் எட்டிப் பார்ப்பதிலேயே நின்றான்.

மூன்றாம் நாள் காலை கன்னியா. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றலாம், உள்ளே இறங்க முடியாது. வெயில் ஏறுவதற்கு முன்பு போனதால் கூட்டம் இல்லை. முழங்காலில் இரண்டு வாளி ஊற்றியதும் நோ விட்டுப்போனது என்கிறார் அம்மம்மா. மருத்துவம் பேச நான் ஆள் இல்லை.

நாலாம் நாள் நிலாவெளி. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் புறாத் தீவு, 2003இல் தேசிய பூங்காவானது. படகுக் காசு படகுக்குத்தான், தலைக்கு இல்லை. எனவே ஐந்து பேர் ஏறினார்கள். ஆசிரியையும் அம்மம்மாவும் கரையில் நின்றார்கள். படகுக்காரர் முதலில் கேட்ட விலைக்கும் கடைசியில் ஏறிய விலைக்கும் நடுவில் கணவர் பத்து நிமிடம் மணலில் நின்று பேசினார். மாமாவுக்கும் அவர் மகனுக்கும் இங்கேயும் வெளிநாட்டு டிக்கெட். அந்த இரண்டு டிக்கெட்டின் விலை மற்ற மூவரின் டிக்கெட்டையும் படகுப் பங்கையும் சேர்த்ததைவிடக் கூட. ஒப்பந்தப்படி அவர் சத்தமில்லாமல் கட்டினார். பவளப் பாறையில் காலை ஊன்ற வேண்டாம் என்று போகும்போதே படகுக்காரர் சொன்னது நல்லது. சிறிய சுறாக்களைப் பார்த்ததாகப் பிள்ளைகள் சத்தியம் பண்ணுகிறார்கள். அங்கே கரும்முனைச் சுறாக்கள் உண்டு, நம்பலாம்.

உள்ளூர் ஓட்டத்துக்கு முதல் நாள் நிலையத்தில் சந்தித்த ஓட்டோக்காரரையே பிடித்துக்கொண்டார்கள். அவரும் அவருடைய மச்சானும் இரண்டு ஓட்டோ. இதில்தான் கணக்குக் கொஞ்சம் தவறியது. 7,000 ஒதுக்கியிருந்தார்கள், ஐந்து பங்குக்கு 10,000 போனது. மணிக்கணக்கில் காத்திருக்கச் சொன்னால் அவர்களும் வானைப் போலத்தான் கணக்குப் போடுவார்கள். கோணேஸ்வரத்துக்கு விட்டுவிட்டுப் போகச் சொல்லி, திரும்ப வேறு ஓட்டோ பிடித்திருக்கலாம்.

திரும்பி வந்த வழி

திரும்பும் ரயிலுக்கும் வாரண்ட் கையில் இருந்தது. இருக்கை இல்லை. காரணம் மாமா. அங்கிருந்து அப்படியே யாழ்ப்பாணம் போவதா, கொழும்புக்குத் திரும்புவதா என்று அவரால் முடிவு சொல்ல முடியவில்லை. ஒருவரை விட்டுவிட்டுப் பதிய அக்காவுக்கு மனமில்லை. முன்பதிவு திறந்து மூன்றாம் நாள் அவர் கொழும்பு என்று சொன்னார். அதற்குள் அந்த வெள்ளி இரவு முடிந்திருந்தது.

பஸ் இருந்தது. அம்மம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு அதை யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார்: கொழும்பிலிருந்து ஆள் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வான்கள். இரண்டு பக்கக் காசையும் ஏற்கெனவே வாங்கிவிட்ட சாரதிக்கு, திரும்பும் வழியில் கிடைப்பது மேலதிக வருமானம். ஏழு பேருக்கு 28,000இல் முடிந்தது, ஐந்து பங்கு 20,000. வாரண்ட்டில் போகும் வழியில் ரயிலுக்கு ஏறத்தாழ ஒன்றும் போகவில்லை என்பதை நினைத்தால், மூன்று நாள் தாமதத்தின் விலை 20,000 ரூபாய். கொப்பியில் இந்த வரிக்குப் பக்கத்தில் ஆசிரியை ஒன்றும் எழுதவில்லை, ஆனால் பேனாவை அழுத்தி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

பலனும் இல்லாமல் போகவில்லை. பகலில் வந்ததால் ஹபரணைக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு தனி யானை, ரொறன்ரோப் பையன் ரயிலில் தவறவிட்டது. சாரதி வானை நிறுத்தாமல் மெதுவாக்கிக் காட்டிவிட்டுப் போனார், அதுதான் சரி. ஆகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளம் வற்றிப் புல் முளைக்கும்போது யானைகள் கூட்டமாக இறங்கும். ஜீப் எடுப்பதா என்ற பேச்சும் வந்தது. பூங்காவிலும் வெளிநாட்டுக் கட்டணம் என்றதும் மாமாவே வேண்டாம் என்றுவிட்டார். தம்புள்ளையில் மரக்கறி மூட்டை வாங்கினார்கள். குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022இல் திறந்த அதிவேகப் பாதை. இருட்டுவதற்குள் வெள்ளவத்தை.

கொப்பியின் கடைசிப் பக்கம்

ஐந்து பேரின் பங்கு மட்டும் இது. அறை நான்கு இரவு, 40,000. போகும் வழி ரயிலும் கோட்டை நிலையத்துக்கு ஓட்டோவும் 4,000. திரும்பும் வான் 20,000. திருகோணமலையில் ஓட்டோ 10,000. சாப்பாடு 28,000. படகு, டிக்கெட், அர்ச்சனை 7,000. ஐஸ்கிரீம், கச்சான், மகன் வாங்கிய சங்கு, இன்னபிற 5,000. மொத்தம் 114,000.

சாப்பாட்டை எவ்வளவு நெருக்கியிருந்தாலும் ஐயாயிரத்துக்கு மேல் குறைத்திருக்க முடியாது. பிள்ளைகள் முகம்தான் வாடியிருக்கும். வானைத் தங்க வைக்காததில் மட்டும், வாகனச் செலவு மூன்றையும் கூட்டினாலும், 26,000க்கு மேல் மிஞ்சியது. இரண்டு பிளஸ் போட்ட விடுதியை விட்டதில் ஐந்து பங்குக்கு இன்னும் 40,000க்கு மேல். நாலு ஊருக்குப் பதில் ஓர் ஊரில் நின்றதால்தான் இந்த இரண்டும் நடந்தன.

மிஞ்சிய 6,000 மகளின் ரியூஷன் காசுக்குப் போனது. மாமா போகும்போது அம்மம்மாவின் கையில் ஒரு கடித உறையைத் திணித்துவிட்டுப் போனார், அது கொப்பியில் ஏறவில்லை. இந்த வருடச் சீட்டில் ஆசிரியைக்கு விழுந்தது ஒக்டோபர்; ஜூன் விழுந்தவரோடு பேச்சு நடக்கிறது. பாசிக்குடா என்கிறார்கள் பிள்ளைகள். தம்பி வருவதானால் முன்பதிவு திறக்கும் நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் ஐந்து பேருக்கு மட்டும் பதிந்துவிடுவேன் என்று அக்கா இப்போதே செய்தி அனுப்பிவிட்டார்.